பனியில் படித்த பாடம், உப்பில் எடுத்த படம்

திண்டிவனம் பக்கத்துப் பெருமுக்கல் ஏரிக்கரை ஓரம், கரண்டுக் கம்பியில் சிறு நீல மீன்கொத்தி ஒன்று உட்கார்ந்திருந்தால் அது செய்தியே கிடையாது. ஆடு மேய்க்கிறவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். அதே இனத்து மீன்கொத்தி இங்கிலாந்தின் ஓடைக்கரை ஒன்றில் பொந்து குடைந்து முட்டையிட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போய் அதைத் தொந்தரவு செய்தால் வழக்கு. அந்நாட்டின் 1981-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அந்தப் பறவைக்கு இடம் இருக்கிறது. அடைகாக்கும் காலத்தில் அதன் கூட்டை நெருங்கிப் படமெடுக்க உரிமம் வாங்க வேண்டும். மீறினால் அபராதம் உண்டு, ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

திண்டிவனம், மரக்காணம், வானூர் வட்டாரத்திலிருந்து இப்போது ஆண்டுதோறும் பிள்ளைகள் மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறார்கள். பெட்டியில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் கேமராவும் போகிறது. அவர்கள் அங்கே எடுக்கும் முதல் படம் எது என்று எல்லோருக்கும் தெரியும்: முதல் பனி, புது ஜாக்கெட், பின்னால் பல்கலைக்கழகக் கோபுரம். இரண்டாவது படம், பெரும்பாலும், அணில். முதுகில் மூன்று கோடு இல்லாத, நம்மூர் அணிலைவிடப் பல மடங்கு பெரிய சாம்பல் அணில். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தால் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்து நிற்கும். அது வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது, பிரிட்டனின் சொந்தச் செவ்வணிலைப் பெரும்பாலான இடங்களிலிருந்து விரட்டிவிட்டது என்பது படமெடுத்த பலருக்குத் தெரிவதில்லை. அணிலோடு நிற்பவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ‘இது ஏன் இங்கே இருக்கிறது?’ என்று கேட்கும் சிலருக்குத்தான் அடுத்த கதவு திறக்கிறது. இந்தக் கட்டுரை அந்தச் சிலருக்கானது.

பேருந்து போகும் தூரம்தான் காடு

நான் படித்தது ஸ்காட்லாந்தின் அபர்டீனில். கடலடி எண்ணெய்த் தொழிலின் ஊர், அதனால் பொறியியல் படித்த தமிழர்களுக்குப் பழக்கமான ஊர். டிசம்பரில் காலை எட்டே முக்காலுக்கு விடியும். பிற்பகல் மூன்றரைக்கு விளக்கு போட வேண்டும். ஜூனில் அதற்கு நேர்மாறு, பதினெட்டு மணி நேரம் வெளிச்சம். குளிர்காலத்தில் வகுப்பு முடிந்து வெளியே வந்தால் இருட்டு. வாரக்கடைசியை விட்டால் படமெடுக்க வழியில்லை.

கையில் பணமும் இல்லை. பிரிட்டனில் மாணவர் விசாவில் இருப்பவர் பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அதைவிட முக்கியமான இன்னொரு விதி பலருக்குத் தெரியாது. சுயதொழில் அறவே கூடாது. எடுத்த படத்தை விற்பது, நண்பரின் கல்யாணத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு கேமரா பிடிப்பது எல்லாம் அந்தத் தடைக்குள் வரும். அமெரிக்காவின் எஃப்-1 விசாவிலும் அனுமதி இல்லாமல் வளாகத்துக்கு வெளியே சம்பாதிக்க முடியாது. ‘லென்ஸ் கடனைப் படம் விற்று அடைத்துவிடலாம்’ என்று கணக்குப் போட்டுப் போகிறவர்கள் விமானம் ஏறும் முன்பே இதைப் படித்துவிடுவது நல்லது.

ஆகக் கார் இல்லை, பெரிய லென்ஸ் இல்லை, நேரமும் இல்லை. மிச்சம் இருப்பது பேருந்து போகும் தூரம். அதுவே பெரிய கொடுப்பினை என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஊரிலிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் நியூபர்க் என்ற சிற்றூர், அங்கே ஈத்தன் என்ற ஆறு கடலில் சேருகிறது. கழிமுகத்தின் தென்கரை மணலில் நின்றால் எதிர்க்கரையில் கடல்நாய்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கும். நாலு பேர் ஒன்றாக நடந்து போனாலே தலையைத் தூக்கிப் பார்க்கும். இன்னும் நெருங்கினால் கூட்டமாகத் தண்ணீரில் சரியும். அந்த இடம் 2017 முதல் சட்டப்படி அறிவிக்கப்பட்ட கடல்நாய்க் களம். அவற்றைத் தொந்தரவு செய்வது குற்றம். வடகரையில் இருக்கும் ஃபோர்வி மணல்மேட்டின் தென்முனையை ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அடைத்துவிடுகிறார்கள், ஆலாக்கள் தரையில் முட்டையிடும் காலம் என்பதால்.

ஊருக்குள்ளேயே, துறைமுக வாயிலின் தென்புறத்தில், டோரி என்ற இடத்தில் 19-ஆம் நூற்றாண்டுப் பீரங்கி மேடை ஒன்று இருக்கிறது. பல்கலைக்கழகத்திலிருந்து பேருந்தில் போய் அங்கே நின்றால், உள்ளே நுழையும் கப்பல்களுக்கு முன்னால் டால்ஃபின்கள் துள்ளும். உலகில் இவ்வளவு வடக்கே நிலையாக வாழும் குப்பிமூக்கு டால்ஃபின் கூட்டம் வேறு கிடையாது. காசு கொடுத்துப் படகு ஏற வேண்டியதில்லை. காற்று மட்டும் காதை அறுக்கும்.

ஒரே கழிமுகத்துக்கு ஆண்டு முழுவதும் போகிறவருக்கு ஓத அட்டவணை பாடப்புத்தகமாகிவிடும். அங்கே ஓதம் நான்கு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். வற்றம் நேரத்தில் போனால் உள்ளான்களும் கோட்டான்களும் (ஆந்தையல்ல, வளைமூக்குக் கரைப்பறவை) அரை மைல் தள்ளிச் சேற்றில் புள்ளிகளாகத் தெரியும். ஏற்றம் உச்சத்தைத் தொடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய், கரையோரப் புல்லில் அசையாமல் உட்கார்ந்துவிட்டால், தண்ணீரே அவற்றைத் தள்ளிக்கொண்டு நம் பக்கம் வரும். நாம் பறவையை நோக்கி நடக்க வேண்டியதில்லை. பறவை நம்மை நோக்கி நடக்கும் நேரம் எது என்று தெரிந்தால் போதும். சாதாரண 300 மி.மீ. ஜூம் லென்ஸிலேயே பவளக்கால் உள்ளானின் கண்ணில் வானம் தெரியும்.

வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவது

இனி கொஞ்சம் கைவேலை. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி ஒன்றையே நம்புகிறது: எதிரில் இருப்பது எதுவானாலும் அதன் சராசரி நடுச்சாம்பல். காடு, தெரு, முகம் என்றால் இந்த நம்பிக்கை ஏறக்குறைய சரி. பனி மூடிய வயலைக் காட்டினால் ‘ஐயோ, வெளிச்சம் அதிகம்’ என்று பயந்து குறைத்துவிடும். படத்தில் பனி அழுக்கு வேட்டி நிறத்தில் வரும். அபர்டீனில் முதல் பனிக்கு எடுத்த படங்களை வீட்டுக்கு அனுப்பிய எல்லா மாணவர்களின் படமும் இப்படித்தான் சாம்பலாக இருக்கும். மருந்து எளியது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை கூட்ட வேண்டும், ஹிஸ்டோகிராம் வலப்பக்கச் சுவரில் மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மரக்காணம் உப்பளத்தில் இதே கணக்கு அப்படியே செல்லும். சூரியன் ஏறிய பாத்தியில் உப்பு பூத்துக் கிடக்க, வரப்பில் வெண்கொக்கு நிற்கிறது. வெள்ளைமேல் வெள்ளை. கேமரா சொன்னபடி கேட்டால் உப்பு சிமெண்ட் ஆகிவிடும். கூட்டினால் உப்பு உப்பாக வரும், ஆனால் கொக்கின் இறகு விவரம் எரிந்துபோகும், ஏனென்றால் வெயில் நேரே படும் கொக்கு உப்பைவிடவும் பளிச். அதனால் இங்கே ஒரு ஸ்டாப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நெடுங்கால் உள்ளான் இன்னும் வம்பு. கருஞ்சிறகு, வெள்ளை வயிறு, சிவப்புக் கால், மூன்றும் ஒரே சட்டகத்தில். அதற்கு வெயில் சாய்ந்து விழும் முதல் ஒரு மணி நேரத்தை விட்டால் வேறு வழியில்லை. அதன் பிறகு கானல் எழும்பிவிடும். ஒன்பது மணிக்கு மேல் உப்பளத்தில் எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாக இருந்தாலும், நூறு மீட்டர் தள்ளி நிற்கும் பறவை நெளிந்துதான் வரும்.

குளிர்நாட்டில் வெளியே சில்லிட்ட கேமராவைச் சூடேற்றிய அறைக்குள் கொண்டுவந்தால் லென்ஸ் முழுக்க நீர் பூக்கும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடியபின் உள்ளே வர வேண்டும். இங்கே அதே சங்கதி தலைகீழ். ஏசி அறையிலிருந்து விடிகாலை உப்பங்காற்றுக்குள் போனதும் பூக்கும். பையும் அதே பை, நேரம் மட்டும் மாறுகிறது. உப்புக்காற்று கேமராவின் உலோகத்தை அரிப்பது தனிக் கவலை. வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிட வேண்டும். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத்துகளே உப்புத்தாளாகிக் கண்ணாடியைக் கீறும்.

போனவர்கள், வந்தவர்கள்

வெளிநாட்டில் கற்றுக்கொண்டு கேமராவோடு காட்டுக்குள் போனவர்கள் கதை நம் பக்கத்தில் பழையது. மலேயாவில் பிறந்த லோக் வான் தோ சுவிட்சர்லாந்திலும் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியிலும் படித்தவர், பிற்பாடு சிங்கப்பூரின் ‘கேத்தே’ சினிமா நிறுவன அதிபர். 1942-இல் சிங்கப்பூரிலிருந்து தப்பிய கப்பல் குண்டுவீச்சில் மூழ்க, தீக்காயங்களோடு பிழைத்து இந்தியா வந்து சேர்ந்தார். பம்பாயில் பறவையியலாளர் சாலிம் அலியின் நட்பு கிடைத்தது. இருவரும் சேர்ந்து இந்தியாவெங்கும் அலைந்து எடுத்த பறவைப் படங்கள் 1957-இல் ‘எ கம்பனி ஆஃப் பேர்ட்ஸ்’ என்ற நூலாயின. சாலிம் அலியே 1929-இல் பெர்லின் போய், எர்வின் ஷ்ட்ரேசமனிடம் பறவையியல் கற்றுத் திரும்பியவர்தான்.

பிரிட்டன் பறவைப் படக்காரர்களில் எரிக் ஹாஸ்கிங்கை நினைக்காமல் தீராது. 1937-இல் வேல்ஸில் ஆந்தைக் கூட்டருகே மறைவிடம் கட்டிப் படமெடுக்கப் போனவரின் கண்ணில் தாய் ஆந்தை நகத்தைப் பாய்ச்சியது. ஒரு கண் போயிற்று. மறு கண்ணோடு அரை நூற்றாண்டு படமெடுத்தார். கூட்டுப் படம்தான் அந்தக் காலத்தில் பறவைப் புகைப்படத்தின் உச்சம். இன்று பல போட்டிகள் கூட்டுப் படத்தை வாசலிலேயே திருப்பி அனுப்புகின்றன. இந்த மாற்றம் எனக்கு முழுச் சம்மதம். குஞ்சுக்கு இரை ஊட்டும் படம் நன்றாக இருந்தால், அதற்காக எத்தனை முறை தாய் கூட்டைவிட்டுப் பறந்தது என்ற கேள்வியும் கூடவே வர வேண்டும்.

தமிழ்நாட்டின் கதைக்கு வந்தால், நான் முதலில் சொல்வது சேகர் தத்தாத்ரியை. சென்னைக்காரர். பதின்மூன்று வயதில் ரோமுலஸ் விட்டேக்கரின் பாம்புப் பண்ணையில் தன்னார்வலராகச் சேர்ந்தவர். அவர் ஈடுபட்ட முதல் படமே கிழக்குக் கடற்கரைச் சாலை வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பற்றியது. சைலண்ட் வேலி மழைக்காடு பற்றி அவர் எடுத்த படம் பெயர் வாங்கித் தர, இன்லாக்ஸ் உதவித்தொகை கிடைத்தது. எட்டு மாதம் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட் சயன்டிஃபிக் ஃபிலிம்ஸில் கற்றார். பூச்சியின் கால்முடி அளவு கிட்டத்தில் போய்ப் படம்பிடிப்பதில் அந்த நிறுவனம் அன்று உலகில் முன்னணி. பிறகு சர்வதேசத் தொலைக்காட்சிகளுக்காக நாகரஹோளே, பருவமழை என்று பெரிய படங்கள்.

அங்கேயே நின்றிருந்தால் அவரைப் பற்றி இவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. 2000 வாக்கில் அவர் தடம் மாறினார். உலகத்துக்குக் காட்டும் ஒரு மணி நேரப் படத்தைவிட, அமைச்சருக்கும் அதிகாரிக்கும் நீதிபதிக்கும் காட்டும் பத்துப் பன்னிரண்டு நிமிடப் படம் காட்டைக் காப்பாற்றும் என்று கண்டுகொண்டார். 2001-இல் எடுத்த ‘மைண்ட்லெஸ் மைனிங்’ கர்நாடகத்தின் குதிரேமுக் இரும்புத்தாதுச் சுரங்கம் பத்ரா நதியைச் சேறாக்குவதைக் காட்டியது. சுரங்கத்தை எதிர்த்தவர்களுக்கு அது கைக்கு வாகான ஆயுதமாயிற்று. 2002-இல் உச்ச நீதிமன்றம் சுரங்கத்தை மூடச் சொன்னது. 2005 இறுதியில் மண்வெட்டல் நின்றது. ஆக்ஸ்ஃபோர்டில் கற்ற வித்தை குதிரேமுக் சேற்றில் போய் வேலை செய்தது. வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிட எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் தெரியாது.

இளைய தலைமுறையில் பொள்ளாச்சி ஸ்ரீராம் முரளி. அமெரிக்காவில் இருந்தபோது, நகர விளக்குகள் இரவு வானத்தை எப்படித் தின்கின்றன என்று கலிபோர்னியாவில் ‘லாஸ்ட் இன் லைட்’ என்ற குறும்படம் எடுத்தார். இருட்டைப் பார்க்கக் கற்ற அந்தக் கண் ஊர் திரும்பி ஆனைமலைக் காட்டில் மின்மினிகளைப் பார்த்தது. 19 விநாடி வீதம் 50 எக்ஸ்போஷர்கள், மொத்தம் 16 நிமிட மின்மினி வெளிச்சம் ஒரே படத்தில். 2023-ஆம் ஆண்டு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் வனவுயிர்ப் புகைப்படப் போட்டியில், முதுகெலும்பில்லா உயிர்களின் நடத்தைப் பிரிவில் பரிசு அதற்கு.

கடல் கடக்காமலே எல்லாவற்றையும் கற்றவர் ஒருவரும் உண்டே என்று யாராவது எழுந்து நிற்பார்கள். மா. கிருஷ்ணனைத்தான் சொல்வார்கள், நியாயம்தான். அ. மாதவையாவின் மகன், பல கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தானே கட்டிய ‘சூப்பர் பாண்டரோசா’வில் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கைப் பத்தி எழுதினார். அவருக்கு அபர்டீன் தேவைப்படவில்லை. பெரும்பாலான நமக்குத் தேவைப்படுகிறது. சொந்த ஊரைவிட்டு விலகி நின்ற பிறகே சொந்த ஊரின் கொக்கு கண்ணில் படுகிறது.

மலையிலிருந்து உப்புக்கு

திண்டிவனம்–மரக்காணம் சாலையில் போகிறவர்களுக்குப் பெருமுக்கல் என்பது ஜன்னல் வழியே கடந்துபோகும் ஒரு பாறைக் குன்று. உச்சியில் முக்தியாசலேஸ்வரர் கோயில், சோழர் கல்வெட்டுகள். குகைப் பாறையில் வரலாற்றுக்கு முந்தைய கீறல் உருவங்கள். சீதை இங்கே வால்மீகி ஆசிரமத்தில் தங்கினாள் என்று ஊரில் சொல்வார்கள். 18-ஆம் நூற்றாண்டில் இது கோட்டை. 1760-இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஐர் கூட்டின் ஆங்கிலப் படை பிடித்தது. 1782-இல் ஹைதர் அலி பக்கம் போனது. இங்கிலீஷ்காரர்களின் காகிதங்களில் ‘பெர்மாகோயில்’ என்று எழுதியிருப்பார்கள். வேறு எந்த நாட்டில் இருந்தாலும் இந்த மலையடிவாரத்தில் டிக்கெட் கவுண்டர் இருந்திருக்கும். இங்கே மயில் அகவும், அவ்வளவுதான்.

படமெடுக்கிறவருக்கு இந்த மலையின் பயன் வேறு. காலையில் ஏறி நின்றால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று புரியும். மழைக்காலத்தில் இந்தச் சமவெளியின் ஏரிகள் ஒன்று நிரம்பி ஒன்றுக்கு வழிந்து, கிழக்கே கழுவெளியில் போய்ச் சேர்கின்றன. கழுவெளி உப்புக்கல்லி ஓடை வழியே இடையன்திட்டு முகத்துவாரத்தில் வங்கக் கடலோடு கை கோக்கிறது. மேற்கே நன்னீர், நடுவில் உவர், முகத்தில் கடல் நீர். பழவேற்காட்டுக்கு அடுத்து தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேர் பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது. 2024 ஆகஸ்டில் திருப்பூர் நஞ்சராயன் குளத்தோடு சேர்த்து ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது.

பூநாரை, கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன் எல்லாம் பெரிய உருப்படிகள். யார் கண்ணுக்கும் தப்பாது. ஞாயிற்றுக்கிழமை கார்களில் வருகிறவர்கள் அவற்றுக்காகவே வருகிறார்கள். என் கண் சேற்றில் ஓடும் சின்ன உருப்படிகள் மேல். பவளக்கால் உள்ளான், கோட்டான், கருவால் மூக்கன், இருபது முப்பது கிராம் எடையில் ஆர்க்டிக் துந்திரத்திலிருந்து வந்து சேரும் கொசு உள்ளான். முதல் இரண்டையும் ஈத்தன் கழிமுகத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் இவை அவையல்ல. ஸ்காட்லாந்தில் குளிர்காலத்தைக் கழிக்கும் பவளக்கால் உள்ளான்களில் பல ஐஸ்லாந்திலிருந்து வருபவை. கழுவெளிக்கு வருபவை மத்திய ஆசிய வழித்தடத்தில், இமயத்துக்கு வடக்கேயிருந்து இறங்குபவை. ஒரே இனம், இரு வேறு உலகப் பாதை. ஃபேஸ்புக்கில் ‘அங்கே பார்த்த நண்பனை இங்கே மறுபடி சந்தித்தேன்’ என்று எழுதுவது அழகுதான், உண்மை இல்லை.

ஈத்தனில் கற்ற ஓதத் தந்திரமும் இங்கே பலிக்காது. இந்தக் கரையில் ஓதம் ஒரு மீட்டர் ஏறி இறங்கினாலே அதிகம். முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் அதுவும் உள்ளே வராது. இங்கே பறவையை நகர்த்துவது மோட்டார் பம்ப். உப்பளத்தில் உவர்நீரை முதலில் பெரிய பாத்திகளில் தேக்கி வெயிலில் வற்றவிடுவார்கள். அடர்த்தி ஏற ஏறப் பாத்தியிலிருந்து பாத்திக்கு மாற்றுவார்கள். முதலில் ஜிப்சம் படியும். அடர்த்தி 25 டிகிரி போமே தொட்டதும் உப்பு பூக்கும். கடைசிப் பாத்தியில் பறவைக்கு இரையாகும் உயிர் எதுவும் தங்காது, பறவைக்கு அங்கே வேலையில்லை. நடுத்தர உவரில்தான் உவர் இறாலும் உப்பு ஈயும் பெருகும். அங்கேதான் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் மேயும். எந்தப் பாத்தியில் நேற்றுத் தண்ணீர் மாற்றினார்கள் என்று தெரிந்தவருக்கு இன்று பறவை எங்கே என்று தெரியும். அது எந்த அட்டவணையிலும் கிடையாது. வரப்பில் வேலை செய்கிறவரிடம் கேட்க வேண்டும்.

கேட்டால் சொல்வார்கள். கேலியும் செய்வார்கள்.

“இன்னா தம்பி, கொக்கப் புடிக்க வந்தியா, எங்களப் புடிக்க வந்தியா?”

“கொக்குதான் அக்கா.”

“அப்பிடின்னா அந்தாண்ட வரப்புல போய்ப் படு. பாத்தியில கால வச்சிடாத, இப்பதான் பூக்குது. பூட்ஸ் மண்ணு வுழுந்தா உப்பு கறுத்துப்பூடும்.”

அந்த அக்கா கேட்டதில் சும்மா கேலி மட்டும் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்தி, வெள்ளை உப்பில் வண்ணப் புடவை தெரிகிற மாதிரி நாலு கிளிக் அடித்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். இருட்டோடு வேலைக்கு வந்து, வெயில் கண்ணைக் கூச வைக்கும் முன்பே நீளக் கழியில் பலகை பொருத்தி உப்பை வரப்புக்கு இழுத்துக் குவிக்கிறவர்கள் இவர்கள். உவரில் நின்றே பாதம் வெடிக்கிறது. உப்பின் பளிச்சில் கண் கெடுகிறது. மழை வந்தால் வேலையே இல்லை. அந்த மழைக்கால மூன்று மாதங்களுக்காகத்தான் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு ரூ.5,000 நிவாரணம் என்று அரசு திட்டம் கொண்டுவந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது இந்தப் பாத்திகள் கடலோடு கடலாகக் கிடந்தன. கடல்நாய்க்குக் கொடுக்கும் தூரத்தையும் மரியாதையையும் உப்பு வாரும் பெண்ணுக்குக் கொடுக்காத கேமரா எந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பழகியிருந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

தூரம் பற்றிச் சொல்லியாக வேண்டும். லண்டன் ரிச்மண்ட் பூங்காவில் மானுக்கு 50 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் காட்டெருமைக்கு 25 கஜம், கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கஜம். இங்கே உள்ளானுக்கு அப்படி எழுதி வைத்த அளவு ஒன்றும் கிடையாது; அது தரும் அடையாளமே அளவு. மேய்ச்சலை நிறுத்தித் தலையைத் தூக்கினால் நாம் நெருங்கிவிட்டோம் என்று பொருள். பறந்தேவிட்டால் தப்பு நம்முடையது. மார்ச், ஏப்ரலில் இது இன்னும் முக்கியம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறப்புக்காக அவை கொழுப்புச் சேர்க்கும் காலம். ஒவ்வொரு தடவை எழுப்பிவிடுவதும் சேர்த்ததில் கொஞ்சத்தைக் கரைப்பது. பூநாரைக் கூட்டம் மொத்தமாக எழும்பிப் பறக்கும் படத்துக்காகக் கைதட்டி விரட்டுகிறவர்களை இந்தக் கரையில் கண்ணால் பார்க்கலாம். அந்தப் படங்களுக்குத்தான் இணையத்தில் விருப்பக்குறி அதிகம் என்பது கசப்பான உண்மை.

சட்டமும் இங்கே சும்மா இல்லை. கழுவெளி இப்போது சரணாலயம். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவில் சரணாலயத்துக்குள் நுழையவும் படமெடுக்கவும் அனுமதிச் சீட்டு முறை இருக்கிறது. கேமராவோடு போகும் முன் வனத்துறையிடம் கேட்டுவிட்டால் சிக்கல் இல்லை. டிரோனைப் பெட்டியிலிருந்து எடுக்கவே வேண்டாம். உப்பளப் பாத்திகளில் வேலை நடக்கும் இடத்துக்கு, அங்கே இருப்பவர்களின் அனுமதி.

படிப்பாகவே படிக்க விரும்பினால்

சிலர் கேட்கிறார்கள், வனவுயிர்ப் படக்கலையே பட்டமாக உண்டா என்று. உண்டு. பிரிட்டனின் ஃபால்மத் பல்கலைக்கழகம் கடல், இயற்கை வரலாற்றுப் புகைப்படத்துக்குத் தனிப் பட்டப்படிப்பு நடத்தி வந்திருக்கிறது. பிரிஸ்டலின் மேற்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில் வனவுயிர்ப் படத்தயாரிப்பில் முதுகலை, பி.பி.சி.யின் இயற்கை வரலாற்றுப் பிரிவு 1957 முதல் அந்த ஊரில் இருப்பதால் துறையின் ஆட்களே வகுப்புக்கு வருவார்கள். கட்டணம் நம் குடும்பங்களுக்குச் சுமைதான், உதவித்தொகை கிடைக்காமல் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. பொறியியலோ கணக்குப்பதிவியலோ படித்துக்கொண்டே பக்கத்துக் கழிமுகத்துக்குப் பேருந்து ஏறுவதற்குக் கட்டணம் இல்லை.

நாள்காட்டியும் நம் பக்கம்தான் இருக்கிறது. பிரிட்டனில் முதல் பருவம் செப்டம்பரில் தொடங்கி டிசம்பர் நடுவில் விடுமுறை விடும். வீட்டுக்கு வர டிக்கெட் போடுகிறவர்கள் பொங்கலுக்கு முன் திரும்பியாக வேண்டும். அந்த மூன்று நான்கு வாரங்களில் கழுவெளி நிறைந்திருக்கும், உப்பளம் காலியாக இருக்கும். உப்பு வேலை தை கழிந்துதான் சூடு பிடிக்கும். ஆட்களும் பறவைகளும் சேர்ந்து கிடைப்பது மாசி, பங்குனியில். அப்போது மாணவர் அங்கே வகுப்பில் இருப்பார். ஆகக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் வருகிறவர் பறவைக்குத் தயாராக வரலாம். விடிவதற்கு அரை மணி நேரம் முன் மரக்காணம் வட்டாரத்து வண்டிப்பாளையம் பக்கம் வந்துவிட வேண்டும், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கிற மாதிரி மேற்கு பார்த்து உட்கார வேண்டும். மழை பெய்திருந்தால் வரப்பு வழுக்கும், பழைய செருப்பே போதும். பெருமுக்கலுக்கு மாலையில் போங்கள். பாறை சூடு தணிந்ததும் ஓணான்கள் உள்ளே போய்விடும், ஆந்தைகள் வெளியே வரும். டார்ச்சை அவற்றின் கண்ணில் அடிக்க வேண்டாம்.